சத்தம் இல்லாமல் போகும் 48 குடம் தண்ணீர்!

பிளஷ் டாங்க் ஒழுகுகிறதா? நீங்களே சரி செய்யலாம்

நடு இரவு. ஓசூரில் ஒரு தொழிலாளியின் வீடு. ஊரே உறங்குகிறது.

"ஸ்ஸ்ஸ்..."

பாட்டி விழித்துக்கொள்கிறார். காதைத் தீட்டிக் கேட்கிறார். மருமகளை மெல்ல எழுப்புகிறார்.

"அம்மாடி, எங்கேயோ தண்ணி போகுது பாரு."

"அது கக்கூஸ் டாங்க் சத்தம் அத்தை. ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு."

மகன் போர்வைக்குள் இருந்து குரல் கொடுக்கிறார். "நாளைக்குப் பிளம்பரைக் கூப்பிடலாம்மா. நீங்க தூங்குங்க."

நாளை வருகிறது. மகன் முதல் ஷிப்டுக்குப் போய்விடுகிறார். பிளம்பர் வரவில்லை. டாங்க் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். உங்கள் வீட்டிலும் இப்போது நடந்துகொண்டிருக்கலாம்!

கணக்குப் போடுங்கள்

குழாய் சொட்டினால் நம் கண்ணில் படுகிறது. உடனே ஓடிப்போய்த் திருகுகிறோம். பிளஷ் டாங்க் ஒழுகினால் கண்ணில் படுவதில்லை. தண்ணீர் பீங்கானின் மேல் மெல்லிய கோடாக வழிந்து சாக்கடைக்குள் போய்விடுகிறது. தரை நனைவதில்லை. வாளி நிரம்புவதில்லை.

எவ்வளவு தண்ணீர் போகும்?

ஒரு லிட்டர் செம்பு நிரம்ப 2 நிமிடம் ஆகும் ஒழுகல் என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய ஒழுகல் அல்ல. ஆனால் ஒரு மணி நேரத்தில் 30 லிட்டர் போய்விடும். ஒரு நாளில் 720 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் அளந்தால் 48 குடம்!

ஒரு மாதத்துக்கு 21,600 லிட்டர். 6,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் மூன்றரை லாரிக்கு மேல்.

இது மிகைப்படுத்திய கணக்கு அல்ல. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு டாங்க் நாளொன்றுக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை வீணாக்கும் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்லியிருக்கிறது.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தரவேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வகுத்த அளவு. அப்படியானால் 720 லிட்டர் என்பது 5 பேருடைய ஒரு நாள் தண்ணீர். அந்தப் பாட்டி வீட்டில் ஐந்து பேர் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குடும்பமும் அங்கே குடியிருக்கிறது என்று பொருள்!

மலை ஏறி வந்த தண்ணீர்

ஓசூருக்குத் தண்ணீர் சும்மா வந்துவிடவில்லை.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லி கிராமைத் தாண்டினால் தீங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டிய தண்ணீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும்.

இந்தத் துன்பத்தைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாடு கடன் கொடுத்தது. 2013-ல் திட்டம் தொடங்கியது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய மூன்று நகரங்களும் நூற்றுக்கணக்கான கிராமங்களும் இதில் சேர்ந்தன.

ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி பாயும் ஒகேனக்கல் அதைவிட மிகவும் தாழ்வான இடம். அங்கிருந்து தண்ணீரை எடுத்து, சுத்தம் செய்து, ராட்சத மோட்டார்கள் வைத்து மேட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள்.

பல வீடுகளில் இந்தக் காவிரித் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஒரே தரைத் தொட்டியில் விழுகின்றன. அங்கிருந்து நாம் மோட்டார் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றுகிறோம். அதற்கும் மின்சாரக் கட்டணம் நாம்தான் கட்டுகிறோம். அந்தத் தண்ணீர்தான் பிளஷ் டாங்கில் ஒழுகிச் சாக்கடைக்குப் போகிறது.

பக்கத்தில் பெங்களூர் இருக்கிறது. சுமார் 40 கிலோ மீட்டர்தான். 2024-ம் ஆண்டு கோடையில் அங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்த ஊர்க் குடிநீர் வாரியம் அறிவித்தது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் வீட்டுக் கூரையையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

டாங்குக்குள் என்ன இருக்கிறது?

டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. அசிங்கமும் இல்லை. டாங்கில் நிற்பது மாடித் தொட்டியில் இருந்து வந்த தண்ணீர்தான். கீழே பீங்கானுக்குள் போன பிறகுதான் அது அழுக்குத் தண்ணீர்.

உள்ளே முக்கியமாக மூன்று பொருள்கள் இருக்கும்.

ஒன்று, மிதவை. பந்து போலவோ, சின்ன டப்பா போலவோ இருக்கும். தண்ணீர் ஏறினால் இதுவும் ஏறும். உரிய உயரம் வந்ததும் உள்ளே வரும் தண்ணீரை அடைத்துவிடும். மிதவைதான் டாங்கின் காவல்காரன்.

இரண்டு, அடி வாஷர். டாங்கின் அடியில் உள்ள ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையம். பொத்தானை அழுத்தினால் இது மேலே எழும். தண்ணீர் கொட்டும். பிறகு மறுபடியும் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும்.

மூன்று, வழிகுழாய். டாங்கின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் குழாய். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் தரையில் வழியாமல் இதற்குள் விழுந்து பீங்கானுக்குப் போய்விடும்.

ஆகவே டாங்க் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். மிதவை அடைக்காமல் வழிகுழாயில் தண்ணீர் வழிகிறது. அல்லது அடி வாஷர் சரியாக உட்காராமல் அடியில் கசிகிறது.

பழைய டாங்கும் புதிய டாங்கும்

ஓசூரின் குளிர்ச்சியைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தார்கள் என்பார்கள். இந்த டாங்க் கதையும் பெரிய இங்கிலாந்தில்தான் இருக்கிறது.

1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் தண்ணீர்க் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். வளைந்த குழாயில் தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் முறை அதில் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் இந்தக் கழிப்பறை ஊரெங்கும் பரவியது. தண்ணீர் வீணாவதைக் கண்டு லண்டன் தண்ணீர்க் கம்பெனிகள் பதறின. அதனால் வீணாகாத டாங்கைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தண்ணீர் விரயத் தடுப்பான்'!

அந்த டாங்கில் திறந்து மூடும் அடி ஓட்டை இல்லை. அதை அடைக்கும் வாஷரும் இல்லை. வளைந்த குழாய் ஒன்று இருக்கும். லாரி டாங்கில் இருந்து டிரைவர் ரப்பர் குழாய் வைத்து டீசலை உறிஞ்சி எடுப்பாரே, அதே முறை. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் வளைவைத் தாண்டிக் கொட்டும். இழுக்காவிட்டால் தண்ணீர் தானாக வளைவு ஏறாது. அடியில் கசிய வழியே இல்லை. நம் ஊரிலும் சுவரின் உயரத்தில் சங்கிலி தொங்கும் இரும்பு டாங்குகளை முன்பு பார்த்திருப்பீர்கள்.

2001-ம் ஆண்டு முதல் பிரிட்டனில் பொத்தானும் அடி வாஷரும் கொண்ட டாங்குகளுக்கும் சட்டம் இடம் கொடுத்தது. சின்னப் பொத்தான், பெரிய பொத்தான் என்று தண்ணீரை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் 2020-ல் என்ன செய்தி வந்தது? ஒழுகும் டாங்குகளால் அந்த நாட்டில் தினமும் 40 கோடி லிட்டர் தண்ணீர் வீணாவதாக அங்குள்ள தண்ணீர்ச் சிக்கன அமைப்பு மதிப்பிட்டது!

காரணம் எளிது. பழைய டாங்க் கெட்டால் வேலை நிறுத்தம் செய்யும். தண்ணீர் கொட்டாது. உடனே ஆளைக் கூப்பிடுவோம். புதிய டாங்க் கெட்டாலும் வேலை செய்துகொண்டே திருடும். அதனால்தான் நாம் கண்டுகொள்வதில்லை.

பொத்தான் டாங்க் கெட்டது என்று சொல்லவில்லை. அதை வைத்திருப்பவர் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

சொட்டு நீலச் சோதனை

இன்று இரவே செய்து பாருங்கள்.

துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டில் இருக்கும். டாங்க் மூடியைத் திறந்து ஏழெட்டுச் சொட்டு விடுங்கள். நீலம் இல்லாவிட்டால் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போதும். 10 நிமிடம் யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது.

பிறகு கீழே பீங்கானைப் பாருங்கள். அங்கே நீலம் தெரிந்தால் டாங்க் ஒழுகுகிறது. தெரியாவிட்டால் நிம்மதியாக உறங்கலாம்.

ஒழுகினால் எந்தக் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டாங்குக்குக் கீழே சுவரில் 'ஆங்கிள் காக்' என்ற சின்னக் குழாய் இருக்கும். அதை வலப்பக்கம் திருகி மூடுங்கள். டாங்கின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 10 நிமிடம் கழித்துப் பாருங்கள்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டதா? அடி வாஷரில் குற்றம்.

கோட்டிலேயே நிற்கிறதா? காக்கைத் திறந்ததும் வழிகுழாயில் தண்ணீர் விழுகிறதா? மிதவையில் குற்றம்.

உங்கள் வீட்டு ஒழுகலையும் அளக்கலாம். இறங்கிய தண்ணீரைச் செம்பால் ஊற்றி மீண்டும் கோடு வரை நிரப்புங்கள். 10 நிமிடத்தில் எத்தனை லிட்டர் குறைந்ததோ, அதை 144-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு நாள் நட்டம். 5 லிட்டர் என்றால் 720 லிட்டர்!

மிதவையைச் சரி செய்வது

தண்ணீர் வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் மிதவையைத் தாழ்த்த வேண்டும்.

பித்தளைக் கம்பியில் பந்து மாட்டிய பழைய மாதிரி என்றால், கம்பியை மெல்லக் கீழ்ப்பக்கமாக வளையுங்கள். பிளாஸ்டிக் மாதிரி என்றால் பக்கத்தில் ஒரு திருகோ, கிளிப்போ இருக்கும். அதைக் கீழே இறக்குங்கள்.

பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் பந்து ஓட்டை. அது மிதக்காது. புதிது மாட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கவில்லையா? உள்ளே மண் துகளோ, உப்போ அடைத்திருக்கும். அல்லது மிதவைக் குழாயின் சின்ன வாஷர் தேய்ந்திருக்கும். ஆங்கிள் காக்கை மூடிவிட்டுக் கழற்றிக் கழுவுங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

அடி வாஷரை மாற்றுவது

ஆங்கிள் காக்கை மூடுங்கள். பொத்தானை அழுத்தி டாங்கைக் காலி செய்யுங்கள்.

பொத்தான் மாதிரி டாங்கில் நடுவில் உள்ள கூண்டைக் கையால் பிடித்துக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் அது கழன்று மேலே வந்துவிடும். அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் திருடன்!

அதை உருவி எடுத்து விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக வெள்ளைப் படிவு இருக்கிறதா? நம் பகுதியின் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். அது கெட்டியாகப் படிந்து வாஷரைச் சரியாக உட்காரவிடாது. எலுமிச்சம்பழச் சாற்றிலோ, வினிகரிலோ அரை மணி நேரம் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள்.

வாஷர் விறைத்துப் போயிருந்தாலும், கிழிந்திருந்தாலும், உப்பியிருந்தாலும் புதிது வாங்குங்கள். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு டாங்குக்கும் அளவு வேறு. விலை பெரும்பாலும் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்குள் அடங்கிவிடும்.

டாங்கின் அடி ஓட்டையின் விளிம்பையும் துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்தால் புதிய வாஷரும் ஒழுகும்.

எல்லாவற்றையும் மாட்டுங்கள். காக்கைத் திறங்கள். டாங்க் நிறையட்டும். மீண்டும் சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். பீங்கான் வெள்ளையாகவே இருந்தால் வெற்றி!

பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டு எழாமல் இருந்தாலும் டாங்க் ஓடும். இது வாஷரின் குற்றம் அல்ல. பல நேரம் மூடியைச் சரியாக வைத்தாலே போதும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பீங்கான் மூடியை டாங்கின் மேலேயே சாய்த்து வைக்காதீர்கள். விழுந்தால் உடையும். தரையில் துணி விரித்து வையுங்கள்.

ஆங்கிள் காக் இறுகிப் போயிருந்தால் பலம் கொண்டு திருகாதீர்கள். முறிந்துவிட்டால் கழிப்பறை முழுதும் வெள்ளம்! மாடித் தொட்டியில் இருந்து வரும் குழாயை மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

டாங்குக்குள் ஆசிட் ஊற்றாதீர்கள். ரப்பரும் உலோகமும் அரித்துப்போகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும். உயிருக்கே ஆபத்து.

சுவருக்குள் புதைத்த டாங்க், விரிசல் விட்ட டாங்க், ஈரம் பூத்த சுவர் ஆகியவற்றுக்குப் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

யார் வேலை இது?

வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கழிப்பறை எல்லோருக்கும் பொது. ஆகவே யாருக்கும் கவலை இல்லை. "வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று குடியிருப்பவர் சொல்வார். "குடியிருப்பவர்தானே கெடுத்தார்" என்று வீட்டுக்காரர் சொல்வார். இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் இருபது லாரித் தண்ணீர் போய்விடும்.

வாஷரின் விலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொண்டால் என்ன? கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கப் போவது எல்லோரும்தானே!

இன்னொரு தயக்கமும் உண்டு. "கக்கூஸ் வேலையை நாம் செய்வதா?" என்பார்கள். அதில் என்ன கேவலம்? நாம் பயன்படுத்தும் இடம். நாம் குடிக்கும் அதே தண்ணீர். அதைக் காப்பாற்றுவது எந்த வேலைக்கும் தாழ்ந்தது அல்ல.

கைக்கடிகாரம் செய்யும் ஊர் ஓசூர். மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்யும் ஊர் ஓசூர். வாஷரும் வால்வும் இங்குள்ள தொழிலாளிகளுக்குப் புதிது அல்ல. ஆலையில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் எந்திரத்தை நிறுத்திச் சரி செய்பவர்கள், வீட்டில் 48 குடம் கசிவதை விட்டுவிடலாமா?

ஆண்கள் வேலைக்குப் போயிருந்தால் தாய்மார்களே செய்யலாம். குக்கருக்குக் கேஸ்கட் மாற்றத் தெரிந்த கைக்கு இது கடினமான வேலை அல்ல. பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். சொட்டு நீலம் விடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். ஒருமுறை பார்த்தால் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டியின் காலத்தில் தண்ணீர் குழாயில் வரவில்லை. இடுப்பில் வந்தது. ஒரு குடத்துக்கு ஒரு நடை. 48 குடத்துக்கு 48 நடை! அதனால்தான் நடு இரவில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இன்று இரவு விளக்கை அணைத்த பிறகு ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் கேட்கிறதா? நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். எழுந்து போய் ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் படுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

காலையில் முதல் வேலையாக வாஷரை மாற்றுங்கள்.